விளையில் இருந்து சந்தை வரை: குமரி வாழை, பூ, வண்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவட்டாறு பக்கம் வாழை போடும் விவசாயிகள் குழு ஒன்றுக்குச் சில வருடங்களாகக் கணக்கு எழுதி வருகிறேன். குலைவெட்டு நாட்களில் கணக்கு எழுதும் நேரத்தைவிட போனில் சந்தேகம் தீர்க்கும் நேரம்தான் அதிகமாகிறது. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் கீழே போட்டிருக்கிறேன். பெரும்பாலும் ஏத்தன் வாழை (கேரளத்தில் நேந்திரன் என்பார்கள்) பற்றித்தான் இருக்கும், நடுவில் தோவாளைப் பூவும் வரும். சந்தைப் போட்டியில் நாம் நிற்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதால், முதல் கேள்வி அதைப் பற்றித்தான்.

"போட்டியில நிக்கணும் நிக்கணும்ங்கிறீங்க, அப்போ விலையைக் குறைச்சு விக்கச் சொல்றீங்களா?"

இல்லவே இல்லை. விலையைக் குறைத்தால் சத்தியமங்கலம், தேனி பக்கத்தில் சமதளத்தில் நூறு ஏக்கர் போடுகிறவரோடு நம்மால் நிற்க முடியாது. நம் நிலம் துண்டு துண்டான விளை (தோட்டம்), பாதி இடத்தில் தலைச்சுமையாகத்தான் ரோட்டுக்கு வர வேண்டும். கூலியும் இங்கே அதிகம்.

நமக்குச் சாதகமாக இருப்பது வேறு. நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர்தான். ஏத்தங்காய்க்கு அவ்வளவு பெரிய சந்தை வேறு எந்த மாவட்டத்துக்கும் இவ்வளவு பக்கத்தில் இல்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்குக் கிடைக்கிறது. இருந்தும் காசு கைக்கு வராததற்குக் காரணம், வெட்டிய நேரத்தில் இருந்து வியாபாரி கையில் கொடுக்கிற நேரம் வரைக்கும் நாம் இழப்பது. அந்த இழப்பைக் குறைப்பதைத்தான் நான் போட்டித்திறன் என்று சொல்கிறேன்.

"அந்த இழப்பு அப்படி என்ன பெருசா இருக்கப் போகுது?"

கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி வாடகை 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,200 கிலோ ஏற்றினால் கிலோவுக்கு 3 ரூபாய் 33 காசு வரும், அவசரத்துக்கு 500 கிலோவோடு கிளம்பினால் கிலோவுக்கு 8 ரூபாய். இது முதல் இழப்பு. காய் கிலோ 40 ரூபாய்க்குப் போகிறது, 1,200 கிலோவில் 100 கிலோ அடிபட்டு பாதி விலைக்குத் தள்ளப்படுகிறது என்றால் 2,000 ரூபாய் போச்சு, அதாவது வாடகையில் பாதி. வாடகை அதிகம் என்று டிரைவரிடம் அரை மணி நேரம் பேசுகிறோம். இந்த 2,000 ரூபாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒருமுறை நானும் லோடோடு போனேன். ராத்திரி 2 மணிக்கு ஏற்றி முடித்து, மேலே தார்ப்பாய் போட்டு, அதன்மேல் இரண்டு பேர் உட்கார்ந்து வந்தார்கள். சந்தையில் வியாபாரி குலையைத் தூக்கி எடை பார்க்கவில்லை, நேராக இருந்ததைத் திருப்பிப் போட்டுக் கீழ்ப்பக்கத்துச் சீப்பில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். தோலில் கறுப்பு வரி வரியாக இருந்தது, பக்கத்துக் குலையின் தண்டு முனை குத்திய இடம். வேறு எதுவும் பேசாமல் மொத்த லோடுக்கும் ஒரே விலையாகக் குறைத்துவிட்டார். அன்றைக்கு அந்த வண்டியில் இருந்ததில் முக்கால்வாசி நல்ல காய்.

"அப்போ எப்படித்தான் ஏத்தணும்? காலங்காலமா இப்படித்தானே ஏத்துறோம்."

வெட்டும்போது குலை தரையில் விழக் கூடாது, ஒருவர் வெட்ட ஒருவர் தோளில் தாங்க வேண்டும். பால் வடிந்து காயில் பட்டால் அந்தக் கறை போகாது, அதனால் வெட்டிய முனையைக் கீழ்நோக்கி வைத்துப் பால் வடிய விடுங்கள். மண்ணில் வைக்காமல் இலை மேல் வையுங்கள். வண்டித் தளத்தில் வாழைச்சருகு கனமாகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் இலை கொடுத்து, தண்டு முனையை ஒட்ட நறுக்கி ஏற்றினாலே பாதி அடி குறையும். குலைக்கு மேல் ஆள் உட்காரவே கூடாது, இதில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சீப்பாக வெட்டி, கழுவி, பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்கி அனுப்புவது இதைவிட நல்லது. தண்டைச் சுமக்கிற வாடகை மிச்சம், தண்டுக்கு என்று எடையில் கழிக்கிற பேச்சும் வராது. ஆனால் கேரளத்துச் சந்தையில் பல வியாபாரிகள் குலையாகவே கேட்கிறார்கள், கடையில் கட்டித் தொங்கவிட அவர்களுக்குக் குலைதான் வேண்டும். சிப்ஸ் போடுகிறவர்கள், சூப்பர் மார்க்கெட்காரர்கள் கிரேட்டை விரும்புவார்கள். வாங்குகிறவரிடம் முதல் நாளே கேட்டுக்கொண்டு வெட்டுங்கள். கிரேட் திரும்பி வர ஏற்பாடு இல்லாமல் அனுப்பாதீர்கள், நாங்கள் அப்படி அனுப்பி ஒரு மாதத்தில் நாற்பது கிரேட் தொலைத்தோம்.

"எத்தனை விளைச்சல்ல வெட்டணும்? முத்தினா எடை நிக்குமே?"

எடை நிற்கும், பயணம் நிற்காது. பக்கத்துச் சந்தைக்கு, அதுவும் சிப்ஸுக்கு என்றால் நன்றாக முற்றிய காய் வேண்டும். சென்னை, பெங்களூர் மாதிரி தூரமாக அனுப்பினால் முக்கால் முதல் எண்பது சதவீத முற்றலில், காயின் விளிம்பு இன்னும் லேசாகத் தெரியும்போதே வெட்ட வேண்டும். ஒரே வண்டியில் இரண்டையும் கலந்து ஏற்றாதீர்கள். முற்றியது வழியிலேயே பழுத்தால் அதில் இருந்து வரும் எத்திலீன் வாயு பக்கத்துக் காயையும் பழுக்க வைத்துவிடும்.

"வாடகைதான் லாபத்தைத் தின்னுது. நாமே ஒரு குட்டியானை வாங்கிட்டா என்ன?"

குட்டியானையில் முக்கால் டன் அளவுதான் சுமக்க முடியும். வருடத்தில் எத்தனை நாள் உங்களுக்கு முக்கால் டன் சரக்கு இருக்கும் என்று முதலில் எழுதிப் பாருங்கள். தனி ஒருவருக்கு நாற்பது நாள் கூட வராது, மற்ற நாளெல்லாம் வண்டி நின்றாலும் தவணை நிற்காது. ஏழெட்டுப் பேர் சேர்ந்து, வாரத்தில் இரண்டு நாள் வெட்டு நாள் என்று முடிவு செய்துகொண்டு ஒரே வாடகை வண்டியை நிறைத்து அனுப்புவதுதான் எங்கள் குழுவில் பலன் கொடுத்தது. இரண்டாவது கேள்வியில் சொன்ன 8 ரூபாய் 3 ரூபாய்க்கு வருவது இப்படித்தான்.

திரும்பி வரும் வண்டியைப் பற்றியும் யோசியுங்கள். காலியாக வந்தால் அந்த வாடகையும் நம் காய் மேல்தான் ஏறும். திருவனந்தபுரத்தில் இருந்து வரும்போது யாருக்காவது உரமோ கடைச் சாமானோ ஏற்றி வர முடியுமா என்று டிரைவரையே பார்க்கச் சொல்லி, அதற்குத் தக்க வாடகையைப் பேசுங்கள். டிரைவருக்கும் அதில் லாபம்தான்.

"கேரளாவுக்குள்ள போக என்னென்ன பேப்பர் வேணும்? களியக்காவிளை எல்லையில நிறுத்தினா என்ன சொல்ல?"

பச்சைக் காய்கறி, பழம், பூ எதற்கும் ஜி.எஸ்.டி. கிடையாது. வரி விலக்குப் பெற்ற சரக்கு என்பதால் இ-வே பில்லும் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) வேண்டாம். இருந்தாலும் யாருடைய சரக்கு, எத்தனை குலை, எங்கே போகிறது என்று ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு டிரைவரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த ஒரு சீட்டு பல பேச்சைக் குறைக்கும்.

வண்டியின் மொத்த எடை, அதாவது சரக்கோடு சேர்த்து ஆர்.சி.யில் போட்டிருக்கும் எடை, 3,000 கிலோவுக்குள் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. குட்டியானை இதற்குள் வந்துவிடும், பிக்கப் வண்டிகளில் சில தாண்டும், ஆர்.சி.யைப் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் கேரளம் போக நேஷனல் பெர்மிட் வேண்டும். கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டியும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதிக பாரம் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாயில் தொடங்கி, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் ஏறும். ஒரே ஒரு தடவை பிடிபட்டாலும் ஒரு சீசன் லாபம் போய்விடும்.

"அங்க இறக்கும்போது வேலை செய்யாமலே கூலி கேக்குறாங்களே?"

நோக்குகூலி என்பார்கள். நாமே இறக்கினாலும் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி. கேரள அரசு அதை 2018 மே 1 முதல் ஒழித்துவிட்டது, கேட்பது சட்டப்படி தவறு. ஆனால் விடிகாலை 4 மணிக்கு நம் டிரைவர் தனியாக நின்று சட்டம் பேச முடியாது. இறக்குக்கூலி யார் பொறுப்பு, குலைக்கு எவ்வளவு என்று வாங்கும் வியாபாரியிடம் முன்பே பேசி அவர் தலையிலேயே வைத்துவிடுவதுதான் நடைமுறையில் நடக்கிற காரியம்.

"விலையை அவங்கதானே வைக்கிறாங்க. நம்ம கையில என்ன இருக்கு?"

தகவல் இருக்கிறது. வெட்டும் முன்பு குறைந்தது மூன்று இடத்து விலை கேளுங்கள்: நாகர்கோவில் அப்டா சந்தை, மார்த்தாண்டம், திருவனந்தபுரம் சாலைச் சந்தை. மூன்றும் ஒரே விலையாக இருந்த நாளை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். கேரளத்தில் 2020 நவம்பர் 1 முதல் பதினாறு பயிர்களுக்கு அடிப்படை விலை கொண்டுவந்தார்கள், அதில் நேந்திரனுக்குக் கிலோ 30 ரூபாய். அது அவர்கள் ஊர் விவசாயிக்குத்தான், நமக்குக் கிடைக்காது. அப்படி ஒரு பாதுகாப்பு நமக்கு இங்கே வேண்டும் என்று நான் எல்லாக் கூட்டத்திலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். விலை விழுந்த வாரத்தில் மரத்தில் பழுக்கவிட்டு அழுத ஆட்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஒரே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் இந்த மூன்று இடத்து விலை விசாரணைக்கு அர்த்தமே இல்லை. முன்பணம் என்பது வட்டி இல்லாத கடன் மாதிரி தெரியும், வட்டி விலையில் ஒளிந்திருக்கும்.

"ஓணத்துக்கு வர்ற மாதிரி நட்டா போதாதா?"

எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், நம் ஊரில் மட்டுமல்ல, வயநாட்டிலும் மேட்டுப்பாளையத்திலும். ஏத்தன் வெட்டுக்கு வர சுமார் பத்து, பதினோரு மாதம். ஓணமோ ஒரு வருடம் ஆகஸ்ட் கடைசியில், ஒரு வருடம் செப்டம்பர் நடுவில் வரும், பத்து இருபது நாள் பிசகினால் விலை தலைகீழ். அதோடு குலை கனத்து நிற்கும் ஆனி, ஆடியில்தான் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசுகிறது. ஊன்றுகால் செலவையும் கணக்கில் சேருங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது ஒரே ராத்திரியில் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

இருக்கிற நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கை ஓணத்துக்கும் மற்ற இரண்டையும் இரண்டு மாத இடைவெளியிலும் நடுங்கள். ஒரேயடியாக இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால்தான் வண்டியையும் தொடர்ந்து நிறைக்க முடியும், நிரந்தர வியாபாரியும் கிடைப்பார்.

"மட்டிக்கு ஜி.ஐ. கிடைச்சு இத்தனை நாளாச்சு, எனக்கு ஏன் ஒரு ரூபா கூடலை?"

கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-ல் புவிசார் குறியீடு (ஜி.ஐ.) கிடைத்தது. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கும் நம் கிராம்புக்கும் ஏற்கெனவே இருக்கிறது, தோவாளை மாணிக்க மாலைக்கு 2025-ல் வந்தது. குறியீடு என்பது பெயருக்குப் பாதுகாப்பு, அவ்வளவுதான். அந்தப் பெயரைப் போட்டு விற்க நீங்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியாகப் பதிய வேண்டும். பெரும்பாலானவர்கள் பதியவில்லை. பதிந்தாலும் சாக்கில் கட்டி மண்டியில் இறக்கினால் அதைப் பார்த்து யாரும் கூடுதல் விலை தரப் போவதில்லை.

மட்டி நம் வீட்டில் பிள்ளைக்கு முதன்முதலில் ஊட்டும் பழம். அந்தப் பெருமை சென்னைக்காரருக்குத் தெரியாது, ஒரு தடவை தின்றால் மணத்திலேயே தெரிந்துகொள்வார். சிக்கல் என்னவென்றால் பழம் சிறிது, தோல் மெலிது, பழுத்தபின் தாங்காது. சீப்பு சீப்பாகச் சின்ன அட்டைப்பெட்டியில், பெயரும் ஊரும் அச்சிட்டு, பழுக்கும் முன்பே கடைக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த மாவட்டத்தில் கூடுதல் விலை கேட்கும் தகுதி உள்ள பழம் எது என்று கேட்டால் நான் மட்டியைத்தான் சொல்வேன். ஏத்தனை யார் வேண்டுமானாலும் விளைவிக்கலாம்.

"தோவாளைச் சந்தையில பாதிப் பூ வெளியூர்ப் பூன்னு சொல்றாங்க, அப்போ நமக்கு என்ன லாபம்?"

மதுரை, ராஜபாளையம், சங்கரன்கோவில், ஓசூர் என்று பல ஊர்ப் பூ வருவது உண்மை. அது நல்லதுதான். பிச்சி, அரளி, கேந்தி, கொழுந்து, ரோஜா எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதால்தான் கேரளத்து வியாபாரி விடியும் முன் தோவாளைக்கு வண்டி எடுத்து வருகிறார். நம் பிச்சியை மட்டும் வைத்துக்கொண்டு அவரை வரவழைக்க முடியாது. சந்தை ஒரு ஊருக்குச் சொத்து, விளைச்சல் எங்கே இருந்து வந்தாலும். அப்புறம், கட்டுவதில் கிடைக்கும் கூலி முழுக்க நம் ஊருக்குத்தான். மாணிக்க மாலை பூவில் செய்யும் நெசவு மாதிரி, அரளியையும் நொச்சி இலையையும் மடித்து மடித்துப் பட்டையாகக் கட்டுவார்கள், அந்தக் கை வேறு எங்கும் இல்லை.

"குளிர்பதனக் கிடங்கு ஒண்ணு கட்டினா எல்லாப் பிரச்சினையும் தீருமே?"

எதை வைக்கப் போகிறீர்கள் என்பதில் இருக்கிறது. வாழைக்கு 13, 14 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்து, பிறகு சரியாகப் பழுக்காது. மல்லிகைக்கு அதைவிட நல்ல குளிர் வேண்டும். மேலே சொன்ன எத்திலீன் பூவைச் சீக்கிரம் வாட வைக்கும், ஆகவே இரண்டையும் ஒரே அறையில் வைக்கவும் முடியாது. நிறைய இடத்தில் கிடங்கு கட்டிவிட்டு மின்கட்டணம் கட்ட முடியாமல் பூட்டுகிறார்கள்.

நமக்கு முதலில் தேவை ரோட்டோரம் நிழலான ஒரு கூரை, கழுவத் தண்ணீர்த் தொட்டி, எடைமேடை. அடுத்தது பழுக்க வைக்கும் அறை. கால்சியம் கார்பைடு கல் தடை செய்யப்பட்டது, எத்திலீன் வாயு 100 பிபிஎம் வரை அனுமதி. அந்த அறை இருந்தால் காயாக மட்டும் இல்லாமல் பழமாகவும் விற்கலாம். இதற்கெல்லாம் வேளாண் உள்கட்டமைப்பு நிதி என்று 2020-ல் தொடங்கிய திட்டத்தில் 2 கோடி வரை கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று வங்கியில் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

"விழிஞ்ஞம் துறைமுகம் வந்துருச்சே, நேரா வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?"

எல்லையைத் தாண்டினால் விழிஞ்ஞம், அதனால் இந்த ஆசை எல்லாருக்கும் இருக்கிறது, எனக்கும். 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் (பெரிய கண்டெய்னர் கப்பல்) வந்தது, 2025 மே 2-ல் முறைப்படி திறந்தார்கள். ஆனால் அது ஒரு கப்பலில் இருந்து இன்னொரு கப்பலுக்குக் கண்டெய்னர் மாற்றுவதை முக்கிய வேலையாக வைத்துக் கட்டிய துறைமுகம். ரோட்டு வழியாக நம் சரக்கு உள்ளே போய்க் கப்பல் ஏறும் வசதி எந்த அளவுக்கு வளர்கிறதோ அந்த அளவுக்குத்தான் நமக்குப் பயன். அதுவரை கடல்வழிக்குத் தூத்துக்குடி, கொச்சி, வான்வழிக்குத் திருவனந்தபுரம்.

நேந்திரன் கப்பலில் தாங்கும் என்பது நிரூபணமான விஷயம். 2021-ல் கேரளத்துக் காய்கறி, பழ வளர்ச்சி அமைப்பான வி.எஃப்.பி.சி.கே. கொச்சியில் இருந்து லண்டனுக்கு அனுப்பிக் காட்டியது. அதற்குத் தேவைப்பட்டது ஒரே முற்றலில் வெட்டிய, கறை இல்லாத, கழுவிப் பெட்டியில் போட்ட காய். ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், அபெடா (மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி ஆணையம்) பதிவு, தாவர நலச் சான்றிதழ் எல்லாம் வாங்கிவிடலாம், வாரக்கணக்கில் முடியும் வேலை. ஒரு கண்டெய்னர் நிறையும் அளவுக்கு ஒரே தரத்தில் காய் சேர்ப்பதற்குத்தான் வருடங்கள் ஆகும். மூன்றாவது பதிலில் சொன்னதை உள்ளூர்ச் சந்தைக்கே செய்யாதவர் இதை யோசிக்க வேண்டாம்.

"ரயில்ல போட்டா மலிவாச்சே?"

பார்சலாகப் பூவும் பழமும் அனுப்பலாம், சென்னைக்கு நல்ல வழிதான். ஆனால் திருவனந்தபுரத்துக்கு வேண்டாம். ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி என்று நாலு கை மாறும்போது காய் அடிபட்டுவிடும்.

"ரோடே சரியில்லை, நாம என்ன பண்ணி என்ன?"

நியாயமான கோபம். மார்த்தாண்டத்தில் பாலம் வந்த பிறகும் களியக்காவிளை வரைக்கும் நெரிசல் இருக்கத்தான் செய்கிறது, நான்குவழிச் சாலை வேலை மண் கிடைக்கவில்லை, குளம் குறுக்கே வருகிறது என்று பல வருடம் இழுத்தது. அதற்குக் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் நாங்கள் கணக்குப் பார்த்ததில் காய் அதிகம் அடிபடுவது தேசிய நெடுஞ்சாலையில் இல்லை, விளையில் இருந்து தார் ரோடு வரைக்கும் உள்ள கடைசி அரை கிலோமீட்டரில். மழையில் அங்கே வண்டி வராது, ஆள் வழுக்கிக் குலையோடு விழுவார். கிராம சபையில் மனு கொடுக்கும்போது அந்த அரை கிலோமீட்டரை சர்வே எண்ணோடு எழுதிக் கொடுங்கள், எங்கள் பக்கம் இரண்டு பாதை அப்படித்தான் கான்கிரீட் ஆனது.

"நான் இதெல்லாம் பார்த்துப் பார்த்து அனுப்பினேன். பக்கத்து விளைக்காரர் பழையபடி வாரிப்போட்டு அனுப்பி, என்னைவிட ரெண்டு ரூபா கூட வாங்கிட்டார். இதுக்கு என்ன சொல்றீங்க?"

இது நடக்கும், நடந்ததும் உண்டு. சந்தையில் வரத்துக் குறைந்த நாளில் தரத்தை யாரும் பார்ப்பதில்லை, எது வந்தாலும் போகும். அவர் போனது அந்த மாதிரி நாள். வரத்து குவிந்த நாளில்தான் வித்தியாசம் தெரியும், அன்றைக்கு அவருடைய லோடு மத்தியானம் வரை நிற்கும், உங்களுடையது முதலில் இறங்கும். ஆறு மாதத்து விலையைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, இரண்டு பேருடையதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் குழுவில் இதே கேள்வியைக் கேட்டு நின்றுபோன ஒருவர், அப்படி எழுதிப் பார்த்த பிறகு போன பங்குனியில் மறுபடி எங்கள் வண்டியில் ஏற்றத் தொடங்கினார். நோட்டைக் கொண்டுவந்தால் உங்களுக்கும் நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன்.